ஆண்டறிக்கை 2025: இளையோர் கால்பந்துப் பிரிவு

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கல் விளையாட்டு விழா வழக்கம்போல் நடந்தது. மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் பயிற்சியை நிறுத்தி வைத்தோம். மாண்டலேவுக்கும் சகைங்குக்கும் கிளம்பிய லாரிகளில் நம் பையன்கள் தண்ணீர்ப் பாட்டிலும் அரிசி மூட்டையும் ஏற்றினார்கள். பதினெட்டு வயதைத் தாண்டிய அண்ணன்மார் பலர் இப்போது ரங்கூனில் இல்லை. சின்னவர்களுக்குக் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்தக் குறை இந்த ஆண்டு முழுக்கத் தெரிந்தது.

இனி, இந்த ஆண்டு எதற்காக அதிகம் உழைத்தோமோ அதற்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து, “பையன்கள் நன்றாகத்தான் ஓடுகிறார்கள், அப்புறம் ஏன் தோற்கிறார்கள்?” என்று கேட்டார். உயரம் போதவில்லை என்று இன்னொருவர் பதில் சொன்னார். 1966-லும் 1970-லும் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய பர்மா அணியைப் பற்றியும், அக்கால பர்மா கால்பந்து வீரர் சுக் பகதூரைப் பற்றியும் பேச்சு போயிற்று. எனக்கு மனம் ஆறவில்லை. வீட்டுக்குப் போய் ஆட்டக் குறிப்பு நோட்டை எடுத்து, நாம் வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் கார்னர், ஃப்ரீ கிக், நீளமான த்ரோ. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நம்மை வெட்டிப் போட்ட கோல் குறைவு. பந்து நின்று, எல்லோரும் மூச்சு வாங்கும் அந்த நேரத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறோம். நாம் அந்த வழியில் அடித்த கோலோ விரல் விட்டு எண்ணக்கூடியது.

நோட்டைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது உயரத்தால் வந்ததில்லை தம்பி, சொல்லிக்கொடுக்காததால் வந்தது” என்றார். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9 நின்ற பந்திலிருந்து, அதாவது கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி போல ஆட்டம் நின்று தொடங்கும் பந்திலிருந்து வந்தவை என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். ஆட்டத்தில் மற்றதெல்லாம் எதிராளியைப் பொறுத்தது. நின்ற பந்து மட்டும்தான் நாம் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கக்கூடியது.

ஒத்திகைக்கு மைதானம் வேண்டுமே! மே கடைசியில் தொடங்கிய மழை அக்டோபர் வரை விடவில்லை. வாடகைக்கு எடுத்திருந்த மைதானத்தை உரிமையாளர் பாதியில் வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார், முன்பணத்தில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. அதனால் புதன்கிழமை தோறும் இந்த மண்டபத்திலேயே, நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, தரையில் சாக்பீஸால் கோல் கட்டம் வரைந்தோம். பந்துக்குப் பதில், காலால் தட்டி ஆடும் பர்மிய விளையாட்டான சின்லோனின் பிரம்புப் பந்து. ஓட்டம் கிடையாது, நடைதான். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று நடந்தே பழகினார்கள். கரண்ட் போன நாட்களில் டார்ச் வெளிச்சத்தில் நடந்தார்கள். ஒரு நாள் நான் வாசலில் நின்று பார்த்தேன். இருட்டில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் மெதுவாக நகர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அடியில் நின்றார்கள். அன்றைக்கே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தற்காப்பிலிருந்து ஆரம்பித்தோம். கார்னருக்கு மூன்று பேர் கோலுக்கு முன்னால் இருக்கும் ஐந்தரை மீட்டர் கோட்டில் இடத்தைக் காக்கிறார்கள், ஒருவன் பக்கத்துப் போஸ்டில், மற்றவர்கள் ஆளுக்கு ஓர் ஆளைப் பிடிக்கிறார்கள். ஆளைப் பிடிப்பவன் பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் பார்க்கிற மாதிரி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்க வேண்டும். இது சொல்லும்போது சின்ன விஷயம். ஆனால் நம் பையன்கள் எல்லோரும் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதுகுக்குப் பின்னால் ஆள் நழுவிப்போவது தெரியவே தெரியாது. பந்தை எடுத்தால் உயரமாக, ஓரமாக, தூரமாக அடிக்க வேண்டும். அடித்த உடனே எல்லோரும் சேர்ந்து வெளியே ஓடிவர வேண்டும். அந்தக் கடைசி வேலையைப் பழக்கத்தான் அதிக நாள் ஆயிற்று. பந்து வெளியே போனதும் நின்று கைதட்டுகிற பழக்கம் இருந்தது, இரண்டாவது பந்து திரும்பி வந்து வலைக்குள் போகும்.

ஃப்ரீ கிக் சுவருக்கு, மணல் நிரப்பிய அரிசிச் சாக்குகளை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டோம். சுவரில் எத்தனை பேர் என்று கோல்கீப்பர் விரலால் காட்டுவான்: நடுவில், இருபது மீட்டரில் என்றால் நான்கு பேர், ஓரத்தில் என்றால் இரண்டு. முன்பெல்லாம் கோல்கீப்பர் போஸ்டைப் பிடித்துக்கொண்டு சுவரை நேராக்குவான், அதற்குள் எதிரணி விசிலுக்குக் காத்திருக்காமல் சட்டென்று அடித்துவிடும். இப்போது பந்துக்குப் பக்கத்தில் நிற்கும் நம் ஆள் திரும்பிப் பார்த்துச் சுவரை நேராக்குகிறான், கோல்கீப்பர் தன் இடத்தை விடுவதில்லை. சுவரில் நிற்பவன் முதுகைத் திருப்பக் கூடாது. நடுவர் கையைத் தூக்கியிருந்தால் அது நேரடியாகக் கோல் போட முடியாத கிக், அதையும் பையன்கள் இப்போது பார்க்கிறார்கள்.

இந்த ஆண்டு ஜூலையிலிருந்து வந்த புது விதியையும் சொல்லிக்கொடுத்தோம். கோல்கீப்பர் பந்தை 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். நம் கோல்கீப்பர்கள் பழக்கதோஷத்தில் தரையில் படுத்துக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்குத் தனியாக எண்ணிப் பழக்கினோம்.

கோல் அடிக்கும் பயிற்சியில்தான் பெற்றோரிடம் ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். 13 வயதுக்குட்பட்ட அணியில் யாரும் பந்தைத் தலையால் முட்டிப் பயிற்சி செய்வதில்லை. இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் சொல்லிக்கொடுப்பதில்லை. வளரும் மூளைக்கு அது நல்லதில்லை என்ற கவலைதான் காரணம். சின்னவர்களுக்கு அது தேவையும் இல்லை. 68 மீட்டர் அகல மைதானத்தில் மூலையிலிருந்து பக்கத்துப் போஸ்டுக்கே 30 மீட்டர். பதினொரு வயதுப் பையன் அவ்வளவு தூரம் தூக்கி அடிக்க மாட்டான். அதனால் கிட்டே ஒருவனுக்குக் கொடுத்து, அவன் தரையோடு உள்ளே தள்ள, ஓடிவருபவன் காலால் தட்டிவிடுவான். சின்லோன் தட்டிப் பழகிய கால்களுக்கு அந்தத் தட்டு இயல்பாக வருகிறது.

பெரிய பையன்களுக்குக் கார்னரில் மூன்று ஓட்டங்கள் வகுத்தோம். முதலில் “முன்”, “பின்”, “கிட்ட” என்று தமிழிலேயே கூப்பிட்டார்கள். ரங்கூனில் எதிரணிக்குத் தமிழ் புரியாது என்ற துணிச்சல். நம் பையன்கள் மைதானத்தில் தங்களுக்குள் பர்மியம்தான் பேசுவார்கள், தமிழ் சரியாக வராதவர்களும் உண்டு. அவர்கள் கூச்சமில்லாமல் தமிழில் கத்துவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெகு நகருக்குப் போய் ஆடியபோதுதான் சிக்கல். அங்கே எதிரணியில் நான்கு தமிழ்ப் பையன்கள். “பின்” என்று நம்மவன் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பின் போஸ்டில் போய் நின்றுவிட்டார்கள். அன்று 1-0 தோல்வி. ஆட்டம் முடிந்து அந்த நால்வரும் நம் வேனுக்கு வந்து, “அண்ணே, எல்லாம் கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டு, நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும் வழியில், வேனிலேயே, கார்னர் அடிக்கும் நம் பதினைந்து வயதுப் பையன் புதுப் பெயர் வைத்தான். பக்கத்துப் போஸ்டுக்கு வேகமாக, நேராக வந்தால் வேல். தூரப் போஸ்டுக்கு மிதந்து போனால் மயில். கிட்டே கொடுத்து ஆடினால் சேவல். மூன்றும் முருகனுடையவை, யாருக்கும் மறக்காது. அந்தப் பையன் இடது மூலையிலிருந்து வலது காலால் அடிப்பான், பந்து உள்பக்கம் வளைந்து வரும். அடிக்குமுன் ஐந்து எட்டு வைத்துப் பின்னால் போய், ஒரு கையைத் தூக்கி, கையை இறக்கும் அந்தக் கணத்தில் உள்ளே இருப்பவர்கள் கிளம்புவார்கள். முந்திக் கிளம்பினால் பிடிபடுவார்கள், பிந்தினால் பந்து போய்விடும். பெனால்டி பெட்டிக்கு வெளியே ஒருவன் திரும்பி வரும் பந்துக்கு, பின்னால் இருவர் எதிர்த் தாக்குதலைத் தடுக்க.

2019 மே 7 அன்று லிவர்பூல் பார்சிலோனாவுக்கு எதிராக அடித்த நான்காவது கோலைப் பயிற்சியாளர் போனில் திரும்பத் திரும்பக் காட்டினார். லிவர்பூலின் அலெக்சாண்டர் ஆர்னால்ட் கார்னரை விட்டு விலகுவதுபோல் போய், சட்டென்று திரும்பி அடிக்கிறார், அவருடைய அணியின் ஒரிகி வலைக்குள் தள்ளுகிறார். பார்சிலோனாக்காரர்கள் அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். பந்து நின்றாலும் நீ நிற்காதே என்பதை எங்கள் வாயால் சொன்னதைவிட அந்தப் படம் நன்றாகச் சொன்னது.

ஒரு விபத்தையும் பதிவு செய்ய வேண்டும். மழையில் ஒரு கார்னரின்போது நம் பையன் ஒருவனும் எதிரணிப் பையனும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். நம்மவன் எழுந்து ஆடுகிறேன் என்றான், ஆனால் எந்தப் பக்கம் நம் கோல் என்று கேட்டதற்குத் தப்பாகக் கையைக் காட்டினான். உடனே வெளியே எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். இப்போது நலமாக இருக்கிறான். அன்றிலிருந்து, தலையில் அடிபட்டவன் அந்த ஆட்டத்தில் திரும்ப இறங்குவதில்லை, யார் கெஞ்சினாலும் சரி. பந்துக்குப் போகிறவன் “எனக்கு” என்று கத்த வேண்டும், கோல்கீப்பர் கத்தினால் மற்றவர்கள் வழிவிட வேண்டும். ஈரப் பந்தைக் கோல்கீப்பர் பிடிக்கப் பார்க்காமல் குத்தி அனுப்பவும் பழகியிருக்கிறான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கோப்பை எதுவும் வாங்கவில்லை. ஆனால் மழைக்குப் பிந்திய ஆட்டங்களில் கார்னரில் ஒரே ஒரு கோல்தான் வாங்கினோம். கடைசி ஆட்டத்தில் வெற்றி கோல் “வேல்” என்ற கூப்பாட்டில் வந்தது. அணியிலேயே குள்ளமான பையன்தான் போட்டான், ஆளுக்கு முன்னால் ஓர் அடி வைத்து, முழங்காலால். அவனுடைய பாட்டி கோட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு ஜோடி கோல்கீப்பர் கையுறை, ஒரு வலை, சின்னவர்களுக்கு நான்காம் எண் பந்துகள் வேண்டும். புதன்கிழமை மண்டபத்தைப் பையன்களுக்கே விட்டுவைக்க வேண்டுகிறேன். மைதான முன்பணத்தைக் கேட்டு வாங்க இருவர் கொண்ட குழு அமைக்கவும் கோருகிறேன். சாக்குகளைத் தைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கும், பெகுவுக்கு வேன் ஓட்டி வந்து டீசல் காசு கூட வாங்காத உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ரங்கூன்