ஊர் முழுக்க 130/80: மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தனியாக இருக்கிற எண்பது வயது ஆச்சிக்கு பிரஷர் 130/80. பக்கவாதத்தில் கிடக்கிற அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கும் 130/80. மாசியிலும் அதே, பங்குனியிலும் அதே. பத்தமடைப் பாயில்கூட இவ்வளவு சீரான நெசவு கிடையாது.

போன வாரம் அந்த ஆச்சி விடியக்காலம் புறவாசலுக்குப் போக எழுந்தவர், கிறுகிறுத்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். நிற்க வைத்து எடுத்த அளவு பதிவேட்டில் ஒரு தடவைகூட இல்லை. எழுத அதில் கட்டமே இல்லையே!

பிரஷர் எடுக்கிற விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. கடுங்காப்பி குடித்திருந்தால் அரைமணி கழித்துத்தான் எடுக்க வேண்டும். சுவரில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, அடியில் ஒரு தலையணை போதும். தொங்கவிட்டால் அளவு ஏறிவிடும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை எடுத்து, பிறகு எழுப்பி நிறுத்தி முதல் நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மாத்திரையை முதியவர்கள் தாங்களாக நிறுத்தவும் விடக்கூடாது. இதற்கெல்லாம் கால்மணி நேரமாவது ஆகும். கிடைப்பது இரண்டு நிமிஷம். இத்தனை வீடு பார்க்க வேண்டும் என்றல்லவா இலக்கு வருகிறது.

அடுத்தது, பிரஷர் பார்க்கக் கையில் சுற்றுகிற பட்டை. கொடுத்திருப்பது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. கஞ்சி குடித்து வற்றிய ஆச்சிகளின் மேற்கை 19, 20தான் இருக்கும். அந்தக் கையில் இந்தப் பட்டை தொளதொளத்து, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பருத்த கையில் கூட்டிக் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை ஏறும். ரவிக்கைக் கைக்கு மேலேயே சுற்றினால் அதுவும் நம்பத்தக்கதல்ல.

வீடு வீடாக வருகிற பெண்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கருவிக்குச் செல் தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்கிப் போடுகிறவர்கள் அவர்கள்.

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கையில் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்படுகின்றன. எழுத்துத் தெரியாதவருக்கு அம்லோடிபின் எது, அட்டெனலால் எது? போதாததற்கு 'உப்பைக் குறைங்க ஆச்சி' என்று ஓர் அறிவுரை. பழையதுக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் தவிர வேறு என்ன இருக்கிறது என்று அந்த அடுக்களையை எட்டிப் பார்த்தவர் யார்?

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் 17 முதல் 22 செ.மீ. அளவில் ஒரு சின்னப் பட்டை, ஒரு பெரிய பட்டை. பதிவேட்டில் 'நின்ற அளவு' என்று ஒரு கட்டம். தனியாக இருக்கிற முதியவர் வீட்டுக்குக் கால்மணி நேரம். கால்மணி நேரம், ஐயா.

அடுத்த மாதச் சுற்றுக்கு முன் பட்டைகளையாவது அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை ஊர்களில் முதியோரைப் பராமரிப்போர்