முன்பணச் சீட்டில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிச் சுவர், ரயில் நிலையம், மேம்பாலத் தூண் என்று ஊரெங்கும் இப்போது ஓவியம் தீட்டச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வேலையை ஏற்கும் ஓவியர்கள் பலரிடம் இருப்பது ஒரு முன்பணச் சீட்டு மட்டுமே. அதில் எழுதாமல் விட்ட ஒரு வரியால் அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது வேலை கொடுப்பவருக்கும் தெரிவதில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், படைத்தவரே முதல் உரிமையாளர் என்றுதான் தொடங்குகிறது. வரைந்து வைத்திருந்த படத்தை ஒருவர் விலைக்கு வாங்கினால் அவருக்குச் சேர்வது அந்தப் படம்தான். அதை நாட்காட்டியிலோ புடவையிலோ அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கும். ஆனால் அதே பிரிவின் (பி) உட்பிரிவில் கதை மாறிவிடுகிறது. காசு கொடுத்து, சொல்லி வரையவைத்த ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கு. புகைப்படமும் உருவப்படமும் இதில் சேரும், சிற்பம் சேராது. ஆக, தனியார் ஒருவருக்குச் சிலை செய்துகொடுத்த சிற்பிக்குப் பதிப்புரிமை நிற்கிறது, அதே தனியாரின் வீட்டுச் சுவரில் ஓவியம் வரைந்தவருக்கு இல்லை. இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அரசுக்குச் செய்யும் வேலையென்றால் சிற்பியும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனி உட்பிரிவு இருக்கிறது.

இழப்பு அதோடு முடிவதில்லை. 1994 திருத்தத்தில் வந்த 53ஏ பிரிவின்படி, ஓர் அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அந்த விலையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். ஆனால் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்தவருக்குத்தான் அது. சொல்லி வரையவைத்த ஓவியத்தில் அந்த வாசலும் அடைபட்டுவிடும்.

இத்தனைக்கும் வேண்டியது ஒரு வரி: ‘இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வேலை தந்தவர் இன்ன இடத்தில், இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம்.’ தூரிகையைத் தொடும் முன்பே இருவரும் கையொப்பமிட வேண்டும். வேலை முடிந்தபின் எழுதினால், ஏற்கெனவே வேலை தந்தவருக்குப் போய்விட்ட உரிமையை அவர் ஓவியருக்குத் திருப்பித் தருவதாக ஆகும். முதல் உரிமையாளர் யார் என்ற கேள்வி அப்போதும் தொங்கும். உரிமையை மாற்றி எழுதிக் கொடுக்க நேர்ந்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. ‘சகல உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று அச்சடித்த தாளை நீட்டுகிறார்களே, அது இதைத் தாண்டத்தான்.

பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தாலும் போகாத உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது. படைத்தது தான்தான் என்று உரிமை கோரலாம். மதிப்புக் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் வழக்குப் போடலாம். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. முழுதாக அழிப்பதும் சிதைப்பதே என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் 2017இல் இடிக்கப்பட்ட டெல்லியின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக் கட்டடத்துக்காக அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் போட்ட வழக்கில், 2019இல் அதே நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது: கண்ணுக்கே இல்லாமல் போனது படைத்தவரின் பெயரைக் கெடுக்காது, நில உரிமையாளர் இடிப்பதைத் தடுக்க முடியாது என்றது. அரைகுறையாக உடைத்தால் குற்றம், அடியோடு இடித்தால் இல்லை என்றாகிறது! சுவரோவியம் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பெயர்த்தெடுக்கக்கூடிய ஓவியமானால் கட்டட உரிமையாளர் எழுத்தில் தெரிவித்து 90 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. நியூயார்க்கின் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடத்து ஓவியங்களை 2013இல் ஒரே இரவில் வெள்ளையடித்த உரிமையாளருக்கு, 2018இல் 67.5 லட்சம் டாலர் செலுத்தும்படி தீர்ப்பானது.

நம் மாநகராட்சிகளும் ரயில்வேயும் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பணி ஆணையிலேயே 90 நாள் அறிவிப்பைச் சேர்க்கலாம். பூச்சின்மேல் நேரடியாகத் தீட்டியதைப் பெயர்த்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். முடிந்த இடங்களில் சிமென்ட் ஃபைபர் பலகையில் தீட்டி, சுவரில் பதித்த சட்டகத்தில் திருகாணியால் பொருத்தச் சொன்னால், கட்டடம் போகும்போது ஓவியத்தைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கலைஞர் ஒப்பந்தங்களைக் கவனித்துவரும் ஒரு வழக்கறிஞர்,
சென்னை