நேரத்தோடு ஊசி போட்டவர்களுக்கு

அன்புள்ள டாக்டரம்மா, சிஸ்டர், ஆய்வுக்கூடத் தம்பி, மருந்தக அண்ணன், ஆலோசகர் அக்கா எல்லோருக்கும்,

என் மகளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். இனி இதற்காக அவளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் கைக்கு வரட்டும் என்றுதான் இந்த மடலை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். பெயர் போடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உடலுறவில் தொற்றி, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகக்கூடிய சிபிலிஸ் என்றாலே ஆளை ஒரு மாதிரி பார்க்கிற உலகம் இது.

முதல் நன்றி ஆய்வுக்கூடத் தம்பிக்கு. உங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், இந்த ஒரு சோதனையை மட்டும் எடுக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் உங்களிடம் வந்ததும், பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது விட்டுப்போயிருக்கே" என்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தீர்கள். இருபது நிமிடத்துக்குள் பட்டையில் இரண்டாவது கோடு விழுந்துவிட்டது. எனக்குப் புண் இல்லை, தடிப்பு இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை. அந்தச் சோதனை இல்லையென்றால் பிரசவம் வரை யாருக்கும் தெரிந்திருக்காது. உறுதி செய்யும் சோதனைக்கும் அப்போதே ரத்தம் எடுத்துக்கொண்டு, தாளை என் கையில் திணிக்காமல் நீங்களே டாக்டரிடம் கொண்டுபோனீர்கள்.

டாக்டரம்மா, "இதுக்கு மருந்து இருக்கு, குழந்தைக்கும் போய்ச் சேரும்" என்றுதான் ஆரம்பித்தீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், பிறந்தபோது நன்றாகத் தெரிந்தாலும் பின்னால் எலும்பு, கண், காது என்று பாதிக்கலாம் என்பதை மறைக்காமல் சொன்னீர்கள். 1943 முதல் இந்த நோய்க்குக் கொடுத்துவரும் அதே பென்சிலின்தான் இன்றும் மருந்து என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கர்ப்பிணிக்கு அதற்கு மாற்று கிடையாது, ஒவ்வாமை இருந்தால்கூட மருத்துவமனையில் வைத்துச் சிறிது சிறிதாக உடம்பைப் பழக்கி அதையேதான் கொடுப்பார்கள் என்றீர்கள். தொற்று எப்போது வந்தது என்று தெரியாததால் வாரத்துக்கு 24 லட்சம் யூனிட் வீதம் 3 வாரம். நடுவில் தள்ளிப்போனால் மறுபடி முதலிலிருந்து. பிரசவத்துக்கு 30 நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு அதற்குமேலேயே நேரம் இருந்தது. அந்த நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நீங்கள் எல்லோரும்தான்.

மருந்தக அண்ணே, விலை குறைந்த மருந்து, தயாரிக்கிறவர்களும் குறைவு, அதனால் பல நாடுகளில் அவ்வப்போது தட்டுப்பாடு வரும் என்று சொன்னவர் நீங்கள். சொன்னதோடு விடாமல் மூன்று வாரத்துக்கும் உள்ளதை முதல் நாளே எடுத்துத் தனியாக வைத்தீர்கள். பொட்டலத்தின் மேல் நோயின் பெயர் இல்லை, என் அட்டை எண் மட்டும்தான் இருந்தது.

சிஸ்டர், அந்த ஊசியை நான் மறக்க மாட்டேன்! பால் போலக் கெட்டியான மருந்து. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டி, இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதியாக, அவசரமே இல்லாமல் இறக்கினீர்கள். இன்றைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரலாம், கிருமிகள் சாகும்போது சிலருக்கு வரும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்தீர்கள். வந்தது. போன் செய்தேன். "வயிறு இறுகுதா? குழந்தை அசையுதா?" இந்த இரண்டும்தான் கேட்டீர்கள். அசைந்துகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் காலையில் வரச்சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டீர்கள்.

ஆலோசகர் அக்கா, என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது நீங்கள். யாரிடமிருந்து யாருக்கு என்ற விசாரணையே வைக்கவில்லை. அவருக்கும் சிகிச்சை முடியாவிட்டால் எனக்குத் திரும்பத் தொற்றும், நான் போட்ட ஊசி வீண் என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாளே சிகிச்சைக்குப் போனார். எங்களுக்குள் பேச வேண்டியது நிறைய இருந்தது. அது இந்த மடலில் வராது.

பிரசவ அறையில் இருந்தவர்களுக்கும் நன்றி. கடைசி மாதங்களில் ஒருமுறை, பிரசவத்தின்போது ஒருமுறை என்று என்னைத் திரும்பச் சோதித்து, குழந்தையின் ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் அளவையும் என் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பால் கொடுக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். மார்பில் புண் இல்லை, தாராளமாகக் கொடுங்கள் என்றார்கள்.

2015-ல் கியூபாவும் 2019-ல் இலங்கையும், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்ததற்காக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றன என்று படித்தேன். அங்கேயும் இதே விரல்சொட்டும் இதே ஊசியும்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. விட்டுப்போனதைக் கவனிக்கிற ஆள் வேண்டியிருந்தது.

அப்புறம் ஒன்று. இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி உங்கள் முன் யாராவது உட்கார்ந்தால், அவர் சரி என்றால், என் எண்ணைக் கொடுங்கள். அது ஆலோசகர் அக்காவிடம் இருக்கிறது. மகள் மதியம் தூங்கும் நேரத்தில் கூப்பிட்டால் நிம்மதியாகப் பேசலாம்.

நன்றியுடன்,
உங்கள் அட்டைகளில் ஓர் எண்