செயலாளரின் ஆண்டறிக்கை: பதினொரு பலகையும் ஆறு வாளி மணலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு மாதம் மட்டும் கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் (கோரம்) சேராமல் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நம் தெருக்களில் நடப்பவர்களின் பாதுகாப்புக்காக இந்த ஆண்டு சங்கம் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் ஒரு தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டின் முதல் பாதி முழுக்க விழிப்புணர்வுப் பலகைகளிலேயே போனது. 'மெதுவாகச் செல்லவும்' என்று பதினொரு பலகை வைத்தோம். அதில் மூன்றின் மேல் அடுத்த வாரமே 'வீடு வாடகைக்கு' நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வண்டிகள் வந்த வேகத்திலேயே வந்தன. அகலமாக, நேராக ஒரு சாலையைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓரத்தில் நின்று மெதுவாகப் போ என்றால் யார் கேட்பார்கள்? பலகை யோசனை என்னுடையது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

வேகத்தையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு நொடி ஆகும். அதே குழந்தையை 30 கிலோமீட்டரில் வருபவர் பார்த்தால், காய்ந்த சாலையில், பிரேக் நன்றாக இருந்தால், அந்த 14 மீட்டருக்குள் வண்டியே நின்றிருக்கும். அதாவது ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் பிரேக்கையே இன்னும் தொடவில்லை. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலக்கும் தெருக்களில் 30தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனம் சொன்னது. நம் மனுக்களில் கேட்பதும் அதைத்தான்.

சரி, பலகையை விட்டுவிட்டு என்ன செய்தோம்? தரையைப் பார்த்தோம். பெரிய சந்திப்பின் இடதுபக்க முனையில் தூசியும் சருகும் எப்போதும் ஒரு பிறை வடிவில் தேங்கிக் கிடக்கும். எந்த டயரும் அங்கே போவதில்லை என்று அர்த்தம். வண்டிகளுக்குத் தேவைப்படாத அந்த இடத்தையும் சாலை என்று விட்டுவைத்திருப்பதால் திருப்பம் விரிந்துபோய், வேகத்தைக் குறைக்காமலே திரும்புகிறார்கள். நடப்பவர்களுக்கோ கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. போக்குவரத்துக் காவலரிடம் அனுமதி வாங்கி, அந்தப் பிறையின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, பழைய பெயின்ட் வாளி ஆறில் மணல் நிரப்பி வைத்தோம். முதல் நாளே குப்பை லாரி திரும்ப முடியாமல் நின்றது. ஓட்டுநரின் வசவையும் வாங்கிக்கொண்டு இரண்டு வாளியை ஓரடி உள்ளே தள்ளினோம். அதற்கப்புறம் சிக்கல் இல்லை. திரும்புகிற வண்டிகள் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பின. மூன்று வாரம் கழித்துப் பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். இப்போது வாளி இருந்த இடத்தில் கான்கிரீட் விளிம்புக்கல் இருக்கிறது.

அடுத்தது சிக்னல். பிரதான சாலையின் அகலம் 12 மீட்டர். ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு நேரம் ஒதுக்குவது பல ஊர்களில் வழக்கம். அந்தக் கணக்குப்படி பத்து நொடி போதும், நம் சிக்னலும் பதினொன்று தந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நம் மூத்த உறுப்பினர் ஒருவரை நடக்கச் சொல்லி நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். பதினாறு நொடி. மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருக்கும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. அக்கரை சேர்ந்ததும், "நான் மெதுவா நடக்கல தம்பி, அதுதான் அவசரப்படுது" என்றார். அதை அப்படியே மனுவில் எழுதினோம். நேரம் பதினெட்டு நொடியாகக் கூடியது. வண்டிகள் திரும்புவதற்குச் சில நொடி முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை விழ வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் கிடப்பில் இருக்கிறது.

நடைபாதை வேலையில் ஒரு கோளாறு நடந்தது. பார்வையற்றோர் பாதத்தாலும் கைத்தடியாலும் தடவி அறியும் மேடுபோட்ட கற்கள் 1967இலேயே ஜப்பானின் ஒகயாமாவில் பதிக்கப்பட்டவை. நீளக் கோடுள்ள கல் இருந்தால் அந்தத் திசையில் போகலாம், புள்ளிக்கல் வந்தால் நிற்க வேண்டும். நம் ஒப்பந்தக்காரர் பார்க்க அழகாக இருக்கிறது என்று முழு நடைபாதைக்கும் புள்ளிக்கல்லே பதித்துவிட்டார். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் நாலடி நடந்துவிட்டு, "அடிக்கு அடி நில்லு நில்லுன்னா நான் எப்போ போறது?" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பாதியைப் பெயர்த்து மாற்றியாயிற்று, மின்கம்பத்தில் போய் முட்டும் அந்தக் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி.

தெருமுனையிலிருந்து பத்து மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்ற தீர்மானத்தால் இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். வருத்தம்தான். ஆனால் நிறுத்திய வண்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் சிறுவன் ஓட்டுநரின் கண்ணில் படவே மாட்டான். அதனால் தீர்மானத்தைத் திரும்பப் பெறவில்லை.

நிழலில் மூன்று பெஞ்ச் போட்டோம். வேண்டாதவர்கள் வந்து உட்காருவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எதிர்ப்புத் தெரிவித்தவர்களே. பல ஆண்டுகளுக்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வில், போக்குவரத்து குறைந்த தெருக்காரர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். நெரிசலான தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. பெஞ்சில் பேச்சு நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தசம எண்தான் ஞாபகம் வருகிறது.

வரும் ஆண்டுக்குப் பாக்கி: பள்ளி வாசல் தெருவைக் காலையும் மாலையும் அரை மணி நேரம் வண்டிகளுக்கு அடைப்பது, ஜீப்ரா கோட்டை நடைபாதை உயரத்துக்குத் தூக்குவது, நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வாசல் சரிவுகளைப் பற்றி உரியவர்களிடம் பேசுவது. கடைசி வேலைக்கு முகம் கோணாமல் பேசத் தெரிந்த இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்