ஈரல் கொழுப்பும் நித்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கேன் அறிக்கையில் 'ஈரலில் கொழுப்பு' என்று வந்துவிட்டால், மட்டக்களப்பில் பல வீடுகளில் முதலில் பொரியல் நிற்கிறது, அடுத்துத் தேங்காய்ப்பால் குறைகிறது. பிளேன்ரீக்கு மட்டும் சீனி பழையபடி விழுகிறது. நித்திரையைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஈரலில் கொழுப்புள்ள ஒன்பது பேரிடம் அது எங்கிருந்து வந்தது என்று அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 59 வீதம், உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தத்தில் இறங்கிய கொழுப்பமிலம். 26 வீதம், மாச்சத்திலும் சீனியிலுமிருந்து ஈரல் தானே செய்துகொண்டது. உண்ட கொழுப்பிலிருந்து வந்தது 15 வீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கறிச்சட்டியை மட்டும் குற்றம் சொல்ல இடமில்லை.

நரம்பின் கை அந்த 59 வீதத்தில்தான் அதிகம். பரிவு நரம்பு என்பது பரபரப்பில் உடம்பை உசுப்பிவிடும் நரம்பு. அதன் முனைகள் கொழுப்புத் திசுவில் நோர்அட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரக்க, தேங்கிய கொழுப்பு உடைந்து கொழுப்பமிலமாக வெளியேறும். உணவுக்குப் பின் இன்சுலின் இந்தக் கதவைச் சாத்த வேண்டும். இன்சுலினுக்கு உடல் மசியாதவர்களுக்குக் கதவு பாதி திறந்தே கிடக்கும். நித்திரை குறைந்தாலும் இதே கதைதான்: நான்கு இரவுகள் நாலரை மணி நேரமே தூங்கிய இளைஞர்களின் இரத்தத்தில் விடியற்புறம் கொழுப்பமிலம் கூடியிருந்தது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களில் பரிவு நரம்பு இரவு முழுக்க ஓயாது.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. கொழுப்புத் திசு சுரக்கும், 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹோர்மோன் மூளையை எட்டியதும், மூளை, தன்னிலிருந்து வயிற்று உறுப்புகளுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக, கொழுப்பைப் பொதிசெய்து வெளியே அனுப்பும்படி ஈரலைத் தூண்டுகிறது. உடல் பருத்தவர்களில் மூளை அந்தச் செய்திக்கு மரத்துப்போகிறது.

நரம்பு என்றதும் மருந்துக்கடையில் 'நரம்புக் குளிசை' கேட்க வேண்டாம். அது பெரும்பாலும் பி விட்டமின். நீரிழிவுக்கு மெட்போர்மின் குளிசை பாவித்து பி12 குறைந்தவருக்கு உதவும், ஈரல் கொழுப்பைக் கரைக்காது.

80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். அழற்சியும் தணிய 6 முதல் 8 கிலோ வேண்டும். கிழமைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால், அதே கதவு அகலத் திறந்து கொழுப்பமிலம் ஈரலில் வந்து குவியும், அழற்சி கூடவும் கூடும். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராமுக்கு மேல் சீனி. முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான். இரவில் வாவிக்கோ கடலுக்கோ தொழிலுக்குப் போகிறவர்கள் பகலில் அறையை இருட்டாக்கி ஒரே மூச்சில் தூங்கப் பார்க்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரைக் கேளாமல் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது.

கிளினிக் கொப்பியில் நிறையும் இரத்தச் சீனியும் பிரஷரும் எழுதப்படுகின்றன. அவற்றின் பக்கத்தில் நித்திரை எத்தனை மணி, குறட்டை உண்டா என்று இரண்டு கேள்விகளையும் சேர்க்கும்படி மட்டக்களப்பு, அம்பாறை சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு