பார்லரில் வேலை செய்பவர்களின் மூச்சும் கணக்கில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெண்களுக்கான பார்லர்களின் சுத்தம் பற்றிப் பேச்சு வந்தால், சீப்பிலும் துண்டிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அவையும் முக்கியம்தான். ஒருவர் தலையில் பட்ட சீப்பைக் கழுவாமல் அடுத்தவர் தலையில் வைத்தால் பேனும் படர்தாமரையும் தொற்றும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும், நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் போட்டு எடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. அந்த ஒளி நேராகப் படும் இடத்தில்தான் வேலை செய்யும். பல்லிடுக்கில் முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் அங்கே எட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம் கிருமிநாசினியில், அந்தப் பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் முழுக்க ஊற வேண்டும். கூட்டமான நாளில் இதற்கு ஒரே வழி, கூடுதல் சீப்புகள் வைத்திருப்பது.

ஆனால் அங்கே நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முடியை நேராக்கப் பூசும் சில கலவைகள், சூடான அயர்ன் பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுகின்றன. கண் எரியும், தொண்டை கரகரக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. லேபிளில் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘மெத்திலீன் கிளைக்கால்’ என்றும் இருக்கலாம். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று அச்சிட்ட பாட்டில்களிலும் சோதனையில் அது அகப்பட்டிருக்கிறது. எப்போதாவது வந்து போகும் நமக்கே இது கேடு என்றால், ஏசிக்காகக் கதவை அடைத்த அறையில் தினமும் இதையே சுவாசிப்பவர்களின் கதி என்ன? முடிதிருத்தும் தொழிலையே ‘புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள’ பணிகளில் சேர்த்து அதே அமைப்பு 2010-இல் அறிக்கை வெளியிட்டது.

கைகளும் அப்படித்தான். ஷாம்பூ, ஈரம், ஹேர் டை என்று மாறி மாறிப் பட்டு, தோல் வறண்டு வெடித்து, கடைசியில் அரிப்புப் புண்ணாகிறது. டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க விடாது. வாடிக்கையாளருக்கு 48 மணி நேரம் முன்பே பேட்ச் டெஸ்ட், அதாவது டையைத் தோலில் கொஞ்சம் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்கிறோம், சரி. டையைத் தினமும் கலக்குபவருக்கு ஒவ்வொரு முறையும் புதுக் கையுறையாவது கொடுக்க வேண்டாமா? ஒரே ஜோடியைத் திருப்பிப் போட்டு நாளை ஓட்டுவது கொடுமை.

உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் சோதனைக்குப் போகும்போது தரையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அந்த அறையில் புகை வெளியேற வழி இருக்கிறதா, கையுறை வாங்கும் செலவு யார் தலையில் விழுகிறது, பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி