சிகாகோ முதலாவது தொகுதி: வேட்பாளரை நிறுத்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் குறித்துச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், சிகாகோ நகரின் தென்பகுதியை உள்ளடக்கிய இல்லினாய் மாநில முதலாவது தொகுதியைப் பற்றி, 'அது என்றைக்குமே ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அக்கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயிப்பார்' என்று ஒரு வரி வந்திருந்தது. 'என்றைக்குமே' என்பது பிழை. 'யாரை நிறுத்தினாலும்' என்பது அதைவிடப் பெரிய பிழை. ஏனெனில் வேட்பாளரை நிறுத்தும் உரிமை யாருக்கு என்ற வழக்குத்தான் அத்தொகுதியின் ஏறத்தாழ நூறாண்டு அரசியல். பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையிலும், சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அத்தொகுதியின் தெருக்களில் நடந்து பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

1920களில் அது குடியரசுக் கட்சியின் தொகுதி. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்ற நன்றியுணர்வு கறுப்பின மக்களிடம் இரண்டு தலைமுறைகளுக்கு மேல் நிலைத்திருந்தது. தென் மாநிலங்களில் வாக்குரிமையும் கூலியும் மறுக்கப்பட்டு, இல்லினாய் சென்ட்ரல் ரயிலைப் பிடித்துச் சிகாகோ வந்து இறங்கியவர்கள் அங்கே வாக்காளர்கள் ஆனார்கள். 1910இல் அந்நகரில் சுமார் 44,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். 1930இல் 2,33,000க்கும் மேல். இத்தனை பேருக்கும் வீடு கிடைத்தது ஸ்டேட் தெருவை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில்தான். அதற்கு அப்பால் குடியேற முயன்றவர்களின் வீட்டில் குண்டு வெடித்தது. பின்னர் வீட்டுப் பத்திரங்களிலேயே கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். 1919 ஜூலையில் மிச்சிகன் ஏரியில் வெள்ளையர் குளிக்கும் பக்கமாக மிதந்துபோன ஒரு கறுப்பினச் சிறுவன் மீது கல்லெறியப்பட்டு, அவன் மூழ்கி இறந்ததில் மூண்ட கலவரம் 38 உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒதுக்கிவைப்பதற்காகப் போட்ட வேலியே அம்மக்களை ஓரிடத்தில் திரட்டி வாக்கு வலிமையாகவும் ஆக்கியது.

கிங் டிரைவ் சாலையில் 26ஆம் தெரு அருகே, தென் மாநிலங்களிலிருந்து வந்த அந்தப் பயணத்துக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. கையில் கயிறு கட்டிய பெட்டியுடன் ஒருவர் வடக்கு நோக்கி நிற்கிறார். தூரத்திலிருந்து பார்க்கையில் அவர் அணிந்திருப்பது ஏதோ மீன்செதில் போன்ற அங்கி என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் தேய்ந்து ஓட்டை விழுந்த காலணிகளின் அடித்தோல்கள்.

தொகுதியின் எல்லை பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1901இல் வரைந்த நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளை இல்லினாய் சட்டமன்றம் 1947 வரை தொடவே இல்லை. மாநிலத்தின் மிகச் சிறிய தொகுதியில் 1,12,000 பேரும் மிகப் பெரிய தொகுதியில் 9,14,000 பேரும் இருக்கிறார்கள் என்று 1946இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயும், அது அரசியல் சிக்கல், தான் தலையிட இயலாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஆக, வெள்ளையர் வாழ்ந்த காலத்தில் வரைந்த கோட்டுக்குள் மக்கள் மாறினார்கள். கோடு அப்படியே இருந்தது.

உறுப்பினரும் மாறவில்லை. மார்ட்டின் மேடன் என்ற வெள்ளையர், நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர், தொடர்ந்து வென்றுவந்தார். 1928 உட்கட்சித் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தலில், வில்லியம் டாசன் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் அவரை எதிர்த்து நின்று, இவர் தொகுதியில் குடியிருப்பவரும் அல்லர், நம்மவரும் அல்லர் என்று பேசித் தோற்றார். சில நாட்களிலேயே மேடன் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே காலமானார். தேர்தலில் நின்ற டாசனைக் கட்சி கூப்பிடவில்லை. வார்டுப் பொறுப்பாளர்கள் கூடி, மேயர் தாம்ஸனுக்கு வேண்டியவரான ஆஸ்கர் டி பிரீஸ்ட்டை நிறுத்தினார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் மகனான இவர் சுவருக்கு வண்ணம் பூசும் வேலையில் தொடங்கி, 1915இல் சிகாகோவின் முதல் கறுப்பினக் கவுன்சிலர் ஆனவர். அவருடைய வெற்றி பெரிய வெற்றிதான். வட கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் 1901இல் விடைபெற்றபின் 28 ஆண்டுகள் கறுப்பினத்தவர் எவரும் இல்லாதிருந்த அவையில் அவர் நுழைந்தார். வட மாநிலம் ஒன்றிலிருந்து வந்த முதல் கறுப்பின உறுப்பினரும் அவரே. ஆனால் அந்த வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது ஓர் அறைக்குள் கூடிய ஒரு சிலர் என்பதையும் மறக்கக் கூடாது.

1929 ஜூனில் வெள்ளை மாளிகையில் அவருடைய மனைவிக்கு அதிபரின் மனைவி தேநீர் கொடுத்ததற்குத் தென்மாநிலச் சட்டமன்றங்கள் கண்டனத் தீர்மானம் போட்டன. 1934இல் நாடாளுமன்ற உணவகத்தில் அவருடைய செயலாளருக்குச் சாப்பாடு மறுக்கப்பட்டபோது, டி பிரீஸ்ட் 145 உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி அதை அவையின் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். விசாரணைக் குழு கட்சிவாரியாகப் பிரிந்து, பழைய வழக்கமே தொடரட்டும் என்று முடித்துவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் அவர் தோற்றார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் வீடும் இழந்து நின்ற மக்களிடம், மத்திய அரசின் நிவாரணத்தை எதிர்த்துப் பேசிய கட்சி எத்தனை நாள் லிங்கன் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்க முடியும்? ஜனநாயகக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்ற முதல் கறுப்பினத்தவராக ஆர்தர் மிட்செல் வென்றார். அவரும் முன்பு குடியரசுக் கட்சியில் இருந்தவர்தான். 1937இல் முதல் வகுப்புக் கட்டணம் செலுத்தி ஹாட் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்றுகொண்டிருந்த அவரை, ஆர்கன்சா மாநிலத்துக்குள் ரயில் நுழைந்ததும் நடத்துநர் எழுப்பிக் கறுப்பினத்தவருக்கான பெட்டிக்கு அனுப்பினார். வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றத்தில் தாமே வாதாடி, 1941இல் வென்றார். கட்சிக்கு அடங்கியவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

அவருக்குப் பின் 1942இல் வந்தவர், முன்னே சொன்ன அதே டாசன். இப்போது ஜனநாயகக் கட்சியில். 1970இல் இறக்கும்வரை அவர்தான் உறுப்பினர். சிகாகோவில் 'மெஷின்' என்று சொல்லும் கட்சி எந்திரம் எப்படி ஓடியது என்பதற்கு அவர் ஆட்சி பாடம். ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் ஒரு ஆள். அவர் வீட்டுப் படியேறி வருவார். வேலைக்குச் சிபாரிசு, குளிர்காலத்துக்கு நிலக்கரி, மகனைப் போலீஸ் பிடித்துப்போனால் நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை. தேர்தல் நாளில் அந்தக் கணக்கு நேர்செய்யப்படும். 1949இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றின் முதல் கறுப்பினத் தலைவராக உயர்ந்தவர் டாசன். படையில் இனப்பிரிவினையை மீண்டும் புகுத்த வந்த திருத்தத்தை 1951இல் அவர் எழுந்து பேசித் தோற்கடிக்க உதவினார். ஆயினும் தன் நகரில் பள்ளிகளும் குடியிருப்புகளும் பிரிந்தே கிடந்த காலத்தில், 1955 முதல் மேயராக இருந்த ரிச்சர்ட் டேலியை அவர் சங்கடப்படுத்தவே இல்லை. அவரைத் துரோகி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலக்கரி கிடைத்த வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டுமல்லவா? ஆனாலும், பேச வேண்டிய இடத்தில் பேசாதிருந்த விலை பெரிது.

அந்த விலையைத் தீர்த்தவர் ரால்ஃப் மெட்காஃப். 1936 பெர்லின் ஒலிம்பிக் 100 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து, தொடர் ஓட்டத்தில் அவரோடு தங்கம் வென்றவர். டேலியின் நம்பிக்கைக்குரிய கவுன்சிலராக இருந்து 1970இல் தேர்வானார். 1972இல் கறுப்பினப் பல் மருத்துவர் இருவரைப் போலீசார் நடுத்தெருவில் இழிவாக நடத்தியதும், மேயரோடு வெளிப்படையாக முறித்துக்கொண்டார். 1976 உட்கட்சித் தேர்தலில் டேலி அவருக்கு எதிராக ஆள் நிறுத்தினார். மெட்காஃப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். கட்சி நிறுத்தியவர் தோற்ற தேர்தல் அது.

அவர் 1978 அக்டோபரில் இறந்தபோது, வார்டுப் பொறுப்பாளர்கள் மறுபடியும் ஓர் அறையில் கூடி பென்னட் ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தார்கள். 1928இன் கதை ஐம்பது ஆண்டு கழித்து அப்படியே நடந்தது. இம்முறை மக்கள் இரண்டே ஆண்டுதான் பொறுத்தார்கள். 1980இல் ஹெரால்ட் வாஷிங்டன் உட்கட்சித் தேர்தலில் ஸ்டூவர்ட்டைத் தோற்கடித்து நாடாளுமன்றம் சென்றார். 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரும் ஆனார். அந்த மேயர் தேர்தலில், காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்த வெள்ளையர் பகுதிகள் பல குடியரசுக் கட்சி வேட்பாளர் பக்கம் சாய்ந்தன. கோட்டை என்ற சொல்லைக் கையாளும்போது அதையும் நினைவில் வைப்பது நல்லது.

பின்னர் வந்த இறைச்சித் தொழிலாளர் சங்கத் தலைவர் சார்லஸ் ஹேய்ஸை 1992இல் உட்கட்சித் தேர்தலில் வென்றவர், கறுப்பின உரிமைக்காகப் போராடிய தீவிர இயக்கமான கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாபி ரஷ். 2000இல் அவரை எதிர்த்து நின்ற பராக் ஒபாமா இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார் என்பது பலருக்கும் தெரிந்ததே. படித்த மேட்டுக்குடியின் வேட்பாளர் என்ற பேச்சு தெற்குச் சிகாகோவில் எடுபட்டது. கொலைக்கும்பல் வன்முறையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கிய, 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர் கொன்ற சிகாகோச் சிறுவன் எம்மெட் டில் பெயரிலான சட்டம் ரஷ்ஷின் முயற்சியால் 2022 மார்ச்சில் நிறைவேறியது.

இன்றைய தொகுதி, டி பிரீஸ்ட் அறிந்த தொகுதி அன்று. கறுப்பினக் குடும்பங்கள் நகரை விட்டு வெளியேற வெளியேற, மக்கள்தொகைக் கணக்குக்காக எல்லை தென்மேற்கே நீண்டு, வில், கங்ககீ மாவட்டங்களின் சோளக்காடுகள் வரை போயிருக்கிறது. 2022இல் ரஷ் ஓய்வு பெற்றபோது, உட்கட்சித் தேர்தலில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். முப்பது ஆண்டு உறுப்பினராக இருந்த ரஷ், தமக்குப் பின் இன்னார் வர வேண்டும் என்று பெயர் சொல்லி ஆதரித்த வேட்பாளர் தோற்றார். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்ஸனின் மகன் ஜோனத்தன் ஜாக்ஸன் வென்றார். குடும்பப் பெயர் உதவவில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

இவற்றைக் கருதி, அந்த ஒரு வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுமென்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்